புள்ளி விழும் இடம்

நசுங்கிய காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து படம் எடுத்துவிட்டு, கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தவளுக்கு நெற்றி சுருங்கியது. காரின் கதவில், கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, மிளகு அளவில் ஒரு கறுப்பு. நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். கதவில் அப்படி ஒன்றுமே இல்லை. கைக்குட்டையால் லென்சைத் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி எடுத்தாள். மிளகு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. வானத்தைப் பார்த்து ஒன்று, தரையைப் பார்த்து ஒன்று எடுத்துப் பார்த்தாள். வானத்திலும் தரையிலும் அதே இடம்தான். நடுவுக்குச் சற்று மேலே, இடப்பக்கம்.

பட்டறை மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, கேமராவுக்கு மச்சம் வந்துவிட்டது, இனிமேல் உங்களுக்கு யோகந்தான் என்று கிண்டலடித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, எங்கே என்ன சேதம் என்று படமெடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புவது அவள் வேலை. அடி விழுந்த பிறகு போய்ப் பார்க்கிற பிழைப்பு. விழும்போது ஒருநாளும் பக்கத்தில் இருந்ததில்லை. நொறுங்கி நிற்கும் முன்கண்ணாடியில் சிக்கிய முடிக்கற்றை, இருக்கைத் துணியில் காய்ந்து பழுப்பேறிய கறை, ஸ்டியரிங்கில் ஆழப் பதிந்த பல் தடம், பெட்ரோலோடு கலந்து மூக்கில் ஏறும் இரும்பு வாடை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்து, கிட்டப் போய் ஒன்று, தள்ளி நின்று ஒன்று என்று எடுத்துவிட்டு, மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடவும் அவளால் முடிந்தது. ஆரம்பத்தில் சோறு இறங்காமல் டப்பாவை மூடி வைத்தது உண்டு. அப்புறம் பழகிவிட்டது.

போனில் எடுத்த படம் கம்பெனிக்கு ஆகாது. யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாமாம். அலுவலகம் கொடுத்த உள்ளங்கை அளவுக் கேமராவில், ஓரத்தில் தேதி விழுந்த படம்தான் செல்லும். அந்தப் படத்தில் சேதத்தின் மேல் ஒரு கறுப்பு இருந்தால் போச்சு. இது ஓட்டையா, கீறலா, எண்ணெய்க் கறையா என்று கேட்டு மேலிடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அவள் ஒரு தந்திரம் செய்தாள். கொஞ்சம் ஒதுங்கி நின்று, கேமராவை லேசாகத் திருப்பி, யாருக்கும் வேண்டாத ஏதாவது ஒன்றின் மேல் அந்தப் புள்ளியைத் தள்ளிவிட்டாள். சுவரோ, டயரோ, குப்பைத் தொட்டியோ, எது கிடைக்கிறதோ அது. பட்டறையில் எடுத்த கடைசிப் படத்தில், காருக்குப் பின்னால் நின்ற தண்ணீர் டிரம்மின் வயிற்றில் புள்ளியை உட்கார வைத்தாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே ஒரு பெருமை.

மறுநாள் ஒரு கையெழுத்துக்காக அங்கே போனபோது டிரம் கிழிந்து கிடந்தது. வண்டி தூக்கும் சங்கிலி அறுந்து, அதன் கொக்கி நேராக டிரம்மில் பாய்ந்ததாம். இரும்பு மடங்கி உள்ளே போயிருந்தது. பக்கத்தில் ஆள் யாரும் நிற்காததைச் சொல்லிச் சொல்லி மெக்கானிக் மார்பில் கை வைத்துக்கொண்டார். அவளும் உச்சுக்கொட்டிவிட்டு வந்துவிட்டாள். வேறு எந்த நினைப்பும் அப்போது வரவில்லை.

அடுத்தது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் இடித்துக்கொண்ட கார் ஒன்று. பம்பரை நெருக்கத்தில் எடுக்கவேண்டியிருந்ததால் புள்ளியை ஒதுக்க அதிக இடமில்லை. பம்பரைத் தாண்டி, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்மண் நிற நாய், காலை நீட்டிப்போட்டு, வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று புள்ளியை நாயின் தலையில் வைத்து எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை அந்தக் காரின் சொந்தக்காரரிடம் சாவி வாங்கப் போனால், காவலாளி வாளியும் துடைப்பமுமாகத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். இழுக்கிற இரும்புக் கேட் தடத்தை விட்டுக் கழன்று சாய்ந்துவிட்டதாம். பினாயில் வாடை தொண்டையைக் கரித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, அவளுக்கு நன்றாகத் தெரிந்த இரும்பு வாடை. துடைப்பம் உரசும் சத்தத்தோடு சிவப்புத் தண்ணீர் வரிவரியாக ஓடிவந்து அவள் செருப்பைத் தொட்டது. மனிதர்களின் ரத்தக் கறையைப் பக்கத்தில் நின்று படமெடுத்தவள், ஒரு நாய்க்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

என்னவோ போல் இருந்தது. சனியன், இந்தக் கேமராவே வேண்டாம் என்று மேனேஜரிடம் போய் நின்றாள். வருடத்துக்கு ஒரு தடவை தன் நாற்காலியை மாற்றிக்கொள்கிற மனிதர், கேமரா என்றதும் சட்டம் பேசினார். பழுது பார்க்கிற செலவு புதியதின் விலையில் பாதியைத் தாண்டினால்தான் மாற்றித் தருவார்களாம். தாண்டுகிறது என்று ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுக்கவேண்டுமாம். அதுவரைக்கும் சமாளியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கேமரா பழுது பார்க்கும் கடை, பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் இருந்தது. ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிற கடை. கணவர் வாய் ஓயாமல் பேசுவார். மனைவி உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, பேசாமல், தலைமுடி கனத் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருப்பாள். ஒரு படம் எடுத்துக் காட்டச் சொன்னார் கணவர். கண்ணாடி அலமாரி நிறைய வாடிக்கையாளர்களின் கேமராக்கள். பழக்க தோஷம், அவள் கை தானாகத் திரும்பி, அலமாரியின் ஓரத்தில் ஊன்றியிருந்த அவர் இடதுகையின் மேல் புள்ளியைத் தள்ளியது. பொத்தானை அழுத்திய பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. இன்னொன்று எடுக்கிறேன் என்றாள். இதுவே போதும் என்று கேமராவை வாங்கி அணைத்துவிட்டார்.

உள்ளே தூசு உட்கார்ந்திருக்கிறது, மொத்தமும் பிரிக்கவேண்டும், யோசித்துத் தொகை எழுதி வைக்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்றார். கேமராவை அவளிடமே கொடுத்தார். அன்று அதற்கப்புறம் அவளுக்குப் படம் எடுக்கிற வேலை ஏதும் இல்லை.

மறுநாள் அவள் போனபோது அவர் கை மணிக்கட்டு வரை வெள்ளைத் துணிக்குள் இருந்தது. காலையில் கடை திறக்கும்போது ஷட்டரின் சுருள் வெடித்து, மேலே போன ஷட்டர் அத்தனையும் ஒரே வீச்சில் இறங்கிவிட்டதாம். விரல்கள் தப்பாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை, ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் சங்கதி மாதிரிச் சொன்னார். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள்.

“என் கை போனா என்னம்மா, இவ கை இருக்குல்ல. கடை நடக்கும்,” என்றார்.

மனைவி நிமிரவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையின் மேல் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுவரில் புள்ளி; அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. டயரில் புள்ளி, டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்குக் கம்பம், படிக்கட்டு, எதுவும் ஆகவில்லை. டிரம், நாய், கை. இந்த மூன்றும் அந்தந்த நாளின் கடைசிப் படங்கள். அதற்கு மேல் வேறு படம் எடுக்காமல் அவள் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்ட படங்கள். அடுத்த படம் எடுத்தால் முந்தையது தப்பிக்கிறது. எடுக்காமல் விட்டால், புள்ளி எதன் மேல் இருக்கிறதோ அதன் மேல் அடி இறங்குகிறது. அவள்தான் ஒதுங்கி நின்று, திருப்பி, பார்த்துப் பார்த்து வைத்தாள். நாயை அவள்தான் தேர்ந்தெடுத்தாள்.

கேமராவை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

கொல்லைப்புற மதிலின் மேல் ஒரு செங்கல்லை வைத்து, அதன் மேல் புள்ளி விழும்படி ஒரு படம் எடுத்தாள். மறுநாள் காலை செங்கல்லின் மூலை உடைந்திருந்தது. கணவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். காகிதமும் மையும் தவிர வேறு எதையும் நம்பாதவன். பூனை தள்ளியிருக்கும் என்றான். நாள் முழுக்க நசுங்கின வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் மூளை கலங்கும், முதலில் லீவு போடு என்றான்.

ஆனால் அவளுக்கு ஒருவிதத்தில் நிம்மதி. வழி தெரிந்துவிட்டதே. வேலை முடிந்து வந்ததும் தினமும் செங்கல்லை ஒரு படம். அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. பழுது பார்க்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்புகிற, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு இது பெரிய விளையாட்டாகிப்போனது. சாயங்காலம் செங்கல்லை மதிலில் எடுத்து வைப்பது அவள் பொறுப்பு. காலையில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சேதம் சொல்வதும் அவள்தான்.

சேதம் வளர்ந்துகொண்டே போனது. மூலை உடைந்தது, அப்புறம் விரிசல், அப்புறம் இரண்டு துண்டு. ஒருநாள் விடியற்காலையில் அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அதைக் கேட்டாள். கொல்லையில் கூச்சலிட்டுக்கொண்டிருந்த குருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயடைத்துப்போயின. அடுப்பின் சீறலும் குழாய்ச் சொட்டும்கூட எங்கோ தள்ளிப்போன மாதிரி இருந்தது. அந்த அமைதிக்குள், கனமான ஏதோ ஒன்று மாமிசத்தின் மேல் இறங்குகிற மாதிரி, ஒரு மந்தமான சத்தம். கதவைத் திறந்து பார்த்தாள். மதிலைச் சுற்றி எதுவும் இல்லை. மேலேயும் இல்லை. செங்கல் இருந்த இடத்தில் சிவப்புத் தூள் ஒரு பிடி. அதிலிருந்து லேசாக ஆவி பறந்தது.

பள்ளி விடுமுறை நாளொன்றில், மத்தியானம், மேனேஜர் போன் செய்தார். நீங்கள் கொடுத்த கடைச் சீட்டைப் பார்த்துப் புதுக் கேமராவுக்கு மேலிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், பழையதைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம் சார், பழையதே நன்றாக இருக்கிறது என்றாள். மாற்றித் தாருங்கள் என்று உயிரை எடுத்ததே நீங்கள்தானே என்று அவர் குழம்பினார். அவள் மென்று விழுங்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

அடுத்து, தொப்பென்று எதுவோ விழுந்தது.

போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வாலு கட்டிலில் நின்றுகொண்டிருந்தாள். தரையில் கேமரா. லென்ஸ் பாதி வெளியே நீட்டியபடி, உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல், கறக் கறக் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

“நானே என்னை எடுத்தேம்மா,” என்றாள் வாலு. திட்டு விழும் என்று ஒரு காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, ஓடத் தயாராக இருந்தாள்.

அவள் கேமராவை எடுத்துத் திரையைப் பார்த்தாள். கையை நீட்டிப் பிடித்து எடுத்த படம். முகம் முழுக்கச் சிரிப்பு. செங்கல்லின் சேதத்தைப் போலவே புள்ளியும் வளர்ந்து, பெரிதாக விழுந்திருந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிக்கொண்டு.

பொத்தானை அழுத்தினாள். கறக். மறுபடி. கறக். அணைத்துப் போட்டாள். லென்சைப் பிடித்து இழுத்தாள். மின்கலத்தைக் கழற்றி மாட்டினாள். கறக். அந்தப் படத்தை அழித்தாள். அழித்து என்ன பயன்? செங்கல்லின் படத்தையும்தான் ஒருநாள் எடுத்த கையோடு அழித்துப் பார்த்திருந்தாள். செங்கல் தப்பிக்கவா செய்தது? இன்னொரு படம் வேண்டும். இதே கேமராவில். இதே புள்ளியோடு.

மகளைத் தெருவில் கூட்டிக்கொண்டு போகத் துணிவில்லை. தெரு முழுக்க வண்டிகள். ஒவ்வொரு வண்டியும் பிள்ளையின் முகத்தை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அத்தனையையும் படமெடுத்தவள் அவள். எதிர் வீட்டு டீச்சரிடம் விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் விடாதீர்கள், மின்விசிறிக்குக் கீழே உட்கார வைக்காதீர்கள், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

கேமராக்காரர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்சக்கரம் போயிருக்கிறது என்றார்.

“இதுக்குச் செலவு பண்றது வீண்மா. பேசாம புதுசு வாங்கிடுங்க.”

“ஒரே ஒரு படம் எடுக்கணும்ணே. அதுக்கப்புறம் இதைக் குப்பையில போட்டாலும் சரி. ஒரே ஒரு படம்.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, மனைவி முதன்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கேமராவைக் கணவரின் கையிலிருந்து வாங்கி விளக்குக்குக் கீழே வைத்தாள். திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழத் தொடங்கின. அவற்றைப் பார்த்துக்கொண்டே நிற்க அவளால் முடியவில்லை. வாசலுக்கு வந்து டீச்சருக்கு போன் செய்தாள். வாலு படம் வரைந்துகொண்டிருக்கிறாளாம். எதை வைத்து என்று கேட்டாள். பென்சிலால் என்றதும், அந்தப் பென்சிலைப் பிடுங்குங்கள் என்று கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரி, வாங்கிவிட்டேன் என்று, பைத்தியத்திடம் பேசுகிற மெதுவான குரலில் டீச்சர் சொன்னாள். அச்சகத்துக்கும் போன் செய்தாள். கணவன் எடுக்கவில்லை, இயந்திரச் சத்தத்தில் அவனுக்குக் கேட்காது.

அவள் திரும்பி வந்தபோது கேமரா மூடித் தயாராக இருந்தது. லென்ஸ் சத்தமில்லாமல் நீண்டது. பறித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, நடைபாதைக் கல்லைப் பார்த்து அழுத்தினாள். திரையைப் பார்த்தாள்.

கல் மட்டும் இருந்தது.

மறுபடி எடுத்தாள். கல். சுவர். வானம். எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி, பளிங்கு மாதிரி.

“புள்ளி எங்க?”

“அதையும் எடுத்துட்டேன்,” என்றாள் மனைவி. அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் அவை. “எப்படியும் பிரிச்சாச்சே, பாவம் பொழுதெல்லாம் அதோட கஷ்டப்படுறீங்களேன்னுதான். ஊதி விட்டுட்டேன். அதுக்கு ஒண்ணும் தரவேண்டாம்.”

சொல்லிவிட்டு, வெட்கத்தோடு கொஞ்சம் சிரித்தாள்.

அடுத்த நொடி கேமராவோடு நின்றவளின் கை வீசியதும், அறை விழுந்த சத்தமும், உருப்பெருக்கிக் கண்ணாடி பறந்து போய்ச் சுவரில் உடைந்ததும் அவளுக்கே மற்றவர்களுக்குத் தெரிந்த பிறகுதான் தெரிந்தது. மனைவியின் உதடு கிழிந்து ரத்தம் மேசையில் சொட்டியது. கேமராக்காரர் கட்டுப் போட்ட கையை உயர்த்திக்கொண்டு நடுவில் வந்தார். அந்தக் கையையும் தள்ளிவிட்டாள். அவர் அலறினார். அவள் மண்டியிட்டுத் தரையைத் தடவினாள். மேசைக்கு அடியில், காலடியில், கதவிடுக்கில். எங்கும் தூசு. எல்லாம் தூசுதான். எதை எடுத்து உள்ளே வைப்பாள்?

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. டீச்சரின் கையிலிருந்து மகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து கதவைப் பூட்டினாள்.

கூடம் வேண்டாம்; மின்விசிறி. படுக்கையறை வேண்டாம், கண்ணாடி. சமையலறை கூடவே கூடாது. சாமான் அறைக்கு ஜன்னல் இல்லை. பெட்டிகளை வெளியே எறிந்தாள். ஏணியை எறிந்தாள். இஸ்திரிப் பெட்டி, பழைய குக்கர், கணவனின் ஹெல்மெட். சுவரிலிருந்து ஆணியை வெறுங்கையால் பிடுங்கினாள். நகம் பெயர்ந்தது. விளக்கைக் கழற்றினாள், வெடித்துவிட்டால்? இருட்டு. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள். மூலையில் உட்கார்ந்து மகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

“ஒளிஞ்சு விளையாடறோமாம்மா?”

ஆமாம் என்றாள். சத்தம் போடக்கூடாது என்றாள். வாலு களுக்கென்று சிரித்தாள். அவள் தலையில் எண்ணெய் வாசம், கழுத்தில் வியர்வை வாசம், வாயில் ஏதோ மிட்டாய் வாசம். அவள் மகளின் முகத்தை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்குள் குழாயில் தண்ணீர் ஓடுகிறது. மேலே எதுவோ நகர்கிறது. தூரத்தில் ஒரு லாரி ஹாரன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தலை திரும்பியது. வாடா, எந்தப் பக்கம் வந்தாலும் வா என்று மனதுக்குள் பல்லைக் கடித்தாள். முதலில் என்னைத்தான் அடிக்கவேண்டும். என் முதுகு, என் மண்டை, என் கை. இதைத் தாண்டித்தான் பிள்ளை.

“வேர்க்குதும்மா. வெளிய போலாம்.”

“கொஞ்சம் பொறு.”

வெளிக்கதவின் பூட்டில் சாவி திரும்பும் சத்தம். காலடி. கூடத்தில் எறிந்து கிடந்த குக்கரில் கால் இடறியது. டீச்சர் என்னவோ வேகமாகச் சொல்வது கேட்டது. கேமராக் கடைக்காரர் அச்சகத்துக்குப் போன் செய்தார், அவர் மனைவியை அறைந்தாளாம் என்று கணவன் சொன்னான். பிறகு சாமான் அறைக் கதவில் கணவனின் கை விழுந்தது.

“கதவைத் திற.”

“அப்பா,” என்று வாலு முகத்தைத் திருப்பினாள். அவள் அதை மறுபடி மார்புக்குள் திருப்பினாள்.

“திறன்னு சொல்றேன்ல. பிள்ளை அழறது கேக்குது.”

கதவில் குத்து விழுந்தது. அவள் அணைப்பை இறுக்கினாள். இன்னொரு குத்து. இன்னும் இறுக்கினாள். தோளால் மோதினான். நிலை அதிர்ந்தது. தலைக்கு மேல் சுண்ணாம்பு உதிர்ந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. இதுதான். இப்படித்தான் வருகிறது. இரும்பாகவும் வரும், ஷட்டராகவும் வரும், புருஷன் தோளாகவும் வரும். கதவு பெயர்ந்து பிள்ளையின் முகத்தில்.

உள்ளங்கையை மகளின் மூக்கிலும் வாயிலும் வைத்து மூடினாள். புள்ளி விழுந்த இடம். அந்த இடத்தை மட்டும் காப்பாற்றினால் போதும்.

மோதல். இறுக்கம். மோதல். சின்னக் கால்கள் உதைத்தன. பயந்துவிட்டாள் குழந்தை. ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல. விரல் நகங்கள் அவள் கையைக் கீறின. கீறட்டும். ஏணியின் இரும்புக் காலால் அவன் கதவை இடிக்கத் தொடங்கினான். இடி. பலகை பிளந்தது. இடி. அவள் தன் முதுகைக் கதவுப் பக்கம் திருப்பி, தலையைக் குனிந்து, உடம்பு முழுவதையும் மகளின் மேல் கவிழ்த்தாள். முழுப் பலத்தோடு. உதைத்த கால்கள் நின்றன. நல்ல பிள்ளை. சொன்னால் கேட்கிற பிள்ளை.

கதவு உடைந்து விழுந்தது. அவள் முதுகில் பலகை மோதி, சட்டை கிழிந்து, சூடாக ரத்தம் இறங்கியது. அவ்வளவுதான். முடிந்தது. அடி விழுந்துவிட்டது, அவள் மேல் விழுந்துவிட்டது.

கூடத்து வெளிச்சம் உள்ளே வந்தது. கையில் ஏணியோடு கணவன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் டீச்சர். அவள் திரும்பி அவர்களைப் பார்த்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

“பாருங்க,” என்றாள். “பிள்ளை மேல ஒரு கீறல்கூட இல்ல.”

கணவன் ஏணியை விட்டுவிட்டான். அது விழுந்த சத்தத்துக்கு வாலு திடுக்கிடவில்லை. அவன் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் மடியை மட்டும் பார்த்தான்.

“கையை எடு,” என்றான். கெஞ்சுகிற குரல். “கையை மட்டும் எடும்மா.”

மாட்டேன் என்று அவள் தலையை ஆட்டினாள். நாளைக் காலை வரைக்கும் யாரையும் நம்ப முடியாது. மகளின் மூக்கையும் வாயையும் மூடியிருந்த உள்ளங்கையை, அவள் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.